அந்தக் கால் என் கால்

என் அம்மா யாங்சினுக்கு இரண்டு கணவர்கள். மூத்தவர் உர்க்கென், இளையவர் அவருடைய தம்பி தர்க்கே. அண்ணனும் தம்பியும் ஒருத்தியையே மணந்துகொண்டால் வயல் இரண்டாகப் பிரியாது என்பதால் எங்கள் மலையூர் லுங்சேயில் பல வீடுகள் அப்படித்தான் நடந்தன. பிள்ளைகள் எல்லோருக்கும் மூத்தவர்தான் அப்பா, இளையவர் சித்தப்பா. அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. ஒருவர் வெளியூர் போனால் மற்றவர் வீட்டைப் பார்த்துக்கொள்வார். இந்த ஏற்பாட்டில் உர்க்கெனுக்குக் கிடைத்தது யாக் என்னும் மலைமாடுகளும் வீடும். தர்க்கேவுக்குக் கிடைத்தது மீதி உலகம்.

அப்பா குள்ளம், அகலமான தோள். இடது காது நுனியைச் சின்ன வயதிலேயே பனி தின்றுவிட்டது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். முப்பத்தொரு யாக்குகளையும் கழுத்து மணியின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். பேச்சு மட்டும் வராது. பாங்மா மேய்ச்சல் நிலத்தில் இரண்டு மாதம் தனியாக இருந்துவிட்டு வீட்டுக்கு வருவார். அம்மா அவருக்குத் தேநீர் ஊற்றியபடியே கேட்பாள்.

"மேல என்ன சேதி?"

"கறுப்பி கன்னு போட்டிருக்கு."

"கிடேரியா?"

"காளை."

அவ்வளவுதான் சேதி. அம்மா தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

சித்தப்பா வந்தால் வேறு கதை. அவர் பத்தொன்பது வயதில் டார்ஜிலிங்குக்கு ஓடியவர். மலையேற வரும் துரைமாருக்குச் சுமை தூக்கி, இந்தியும் ஆங்கிலமும் கற்று, அவர்களிடமே சுமைக்காரர்களுக்கு மேஸ்திரியாகிவிட்டவர். வருடத்துக்கு ஒருமுறை வந்து ரயிலைப் பற்றியும், பல்லைக் கழற்றி வைத்துத் தூங்கும் துரையைப் பற்றியும் சொல்லும்போது, அடுப்பில் உருளைக்கிழங்கு வெடித்துச் சிதறுவதுகூடத் தெரியாமல் அம்மா கேட்டுக்கொண்டிருப்பாளாம். அப்பா எதிரில் உட்கார்ந்து, தம்பியின் கிண்ணத்தில் எவ்வளவு வெண்ணெய் மிதக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். தன் கிண்ணத்தையும் பார்ப்பார். சில நாள் இரண்டும் ஒரே அளவாக இருக்கும். அதுவும் அவருக்குப் பொறுக்காது.

"என்னை 'வாங்க, உக்காருங்க'ன்னுவா. அவனை 'வாடா'ன்னுவா," என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். "மரியாதையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

யெத்தி என்கிற பனிமனிதனைத் தேடித் துரைமார் வந்தது, ஊருக்குப் பள்ளிக்கூடம் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு. நான் அப்போது அம்மாவின் முதுகில். மூன்று துரைமாரும் நாற்பது சுமைக்காரர்களும் பெட்டி பெட்டியாகச் சாமான்களோடு வந்து இறங்கினார்கள். முன்னால் இறகு அடைத்த நீல மேலங்கியோடு மேஸ்திரியாக நடந்து வந்தார் சித்தப்பா. சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் அம்மாதான் அப்பாவையும் அனுப்பினாள். சித்தப்பா அண்ணனுக்கு இருப்பதிலேயே லேசான சுமையாகப் பார்த்துக் கொடுத்தார். கேமரா வில்லைகள் இருந்த பெட்டி அது. குலுங்கக் கூடாது என்பதால் அதைத் தூக்குகிறவர் எல்லோருக்கும் கடைசியில் மெதுவாக வரவேண்டும்.

பக்கத்து வீட்டுக் கிப்பா மாவு மூட்டையோடு போகிறபோது நின்று பார்த்தான். ஊரில் எவன் புண்ணிலும் விரல் வைக்கத் தெரிந்தவன் அவன்.

"உர்க்கென் அண்ணா, தம்பி உனக்குத் தொட்டில் குடுத்திருக்கான் போல. உள்ள புள்ள தூங்குதா?"

அப்பா பெட்டியின் வாரை இறுக்கிக்கொண்டார். பெட்டிக்குப் பதில் மூட்டை கேட்டு வாங்க அவருடைய வீம்பு விடவில்லை.

மலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் பெரிய துரை எங்கள் வீட்டுக்கு வந்தார். சிவப்புத் தாடி, நீண்ட கால்கள். ஜன்னலோரப் பலகையில் அடுப்பை ஒட்டிய முதல் இடம் வீட்டுத் தலைவனுடையது. தன் அப்பா இறந்த பத்து வயதிலிருந்து உர்க்கென் அங்கேதான் உட்கார்ந்தார். துரை விருந்தாளி, அதனால் அந்த இடத்தை அவருக்குக் கொடுத்தாயிற்று. துரைக்குப் பேச்சை மொழிமாற்றிச் சொல்ல வேண்டுமே, அதனால் இரண்டாவது இடத்தில் தர்க்கே உட்கார்ந்தார். அப்பா தன் வீட்டில் மூன்றாவதாக உட்கார்ந்தார். அம்மா சாங் மதுவை ஊற்றிக்கொண்டு வந்ததும் அதே வரிசையில்தான்.

யெத்தியைப் பற்றித் துரை கேட்டார். அப்பாவுக்கு அன்று பேச்சு வந்தது. தன் தாய்மாமனின் யாக்கை யெத்தி கொம்பைப் பிடித்து முறுக்கிக் கொன்றது, அந்த இடத்தில் கிடந்த மயிர், மூன்று நாள் கேட்ட சீழ்க்கை என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அம்மாகூடக் கையில் கூஜாவோடு நின்றுவிட்டாள். சொல்லி முடித்ததும் தர்க்கே மூக்கைச் சொறிந்துகொண்டு துரையிடம் இரண்டு வார்த்தை சொன்னார். துரை தலையாட்டிவிட்டு மதுவைக் குடித்தார்.

"நான் ஒரு மலை ஏறி இறங்கற நேரம் பேசியிருக்கேன். நீ என்னத்தைச் சொன்னே?"

"யாக் செத்துப்போச்சுன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவருக்கு மாமன் கதை வேணாம் அண்ணா. யாராவது சொந்தக் கண்ணால பாத்திருக்கணும். இல்ல, புதுத் தடம் காட்டணும். காட்டறவனைத் தன் நாட்டுக்கே கூட்டிட்டுப் போய்ப் பெரிய படிப்பாளிங்க முன்னால பேசவெப்பாராம்."

"அடேயப்பா," என்றாள் அம்மா. தர்க்கேயைப் பார்த்துத்தான் சொன்னாள். "அப்ப நீ கடல் தாண்டிப் போவியாடா?"

காட்டப்போவது தர்க்கேதான் என்று அவள் முடிவே செய்துவிட்டாள். பிறகு அவர் செய்த காரியத்தின் விதை அப்பாவின் மனதில் அன்றைக்கே விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன். கடலும் படிப்பாளிகளும் அவருக்குப் பொருட்டில்லை. தர்க்கே போகாமல் தான் போகவேண்டும். போய்விட்டு வந்து இதே அடுப்பருகே உட்கார்ந்து சொல்லவேண்டும். அவள் கூஜாவோடு நிற்கவேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கணவாய்க்குக் கீழே கூடாரம் போட்டு மூன்று வாரம் தேடினார்கள். எதுவும் அகப்படவில்லை. யாக்குகள் கன்று போடுகிற சமயம் என்று சொல்லி அப்பா இரண்டு நாள் லீவு வாங்கிக்கொண்டு பாங்மா குடிசைக்குப் போனார். முதல் நாள் பகலெல்லாம் பனி கொட்டியது. பிற்பகலில் மூடுபனி இறங்கி, நீட்டிய கை தெரியவில்லை. குடிசையில் இருந்த உப்புப் பெட்டியின் இரண்டு பக்கப் பலகைகளைக் கழற்றினார். கட்டைவிரலைப் பெரிதாகவும் மற்ற விரல்களைச் சிறிதாகவும் செதுக்கினார். அடியில் யாக் தோலை மயிரோடு ஒட்டினார். பிறகு இரண்டையும் செருப்புக்கு அடியில் கட்டிக்கொண்டார், விரல்கள் பின்னால் பார்க்கும்படி.

யெத்தியின் பாதம் பின்பக்கம் திரும்பியிருக்கும் என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். அது மலையேறிப் போனால் தடம் இறங்கி வருவதுபோல் இருக்கும். ஆகவே அப்பா குடிசையின் பின்பக்கத்தில் தொடங்கி, அகல அகலமாகக் கால் வைத்து, சரிவில் ஏறிப் பாறை முகடு வரை நடந்தார். அங்கே பனி நிற்காது. பலகைகளைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, உறைந்த ஓடையின் மேல் நடந்து வேறு வழியாகத் திரும்பினார். நல்ல பலகைகள். காயட்டும், திரும்பப் பெட்டியிலேயே அடித்துவிடலாம் என்று அடுப்பருகே சாய்த்து வைத்தார்.

மறுநாள் கூடாரத்துக்கு வந்து சொன்னார்.

"பாங்மா சரிவுல தடம் கிடக்கு."

தர்க்கே அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீ அதைப் பாத்தியா?"

"தடத்தைப் பாத்தேன்."

"அதை?"

"தடத்தைன்னேன்ல!"

துரைமாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உடனே கிளம்பினார்கள். தடத்தைக் காட்டுகிறவர் முன்னால் போகவேண்டியது நியாயம். ஆனால் கேமரா வில்லைப் பெட்டி அவர் முதுகில் இருந்தது. "பெட்டி பத்திரம், நீ மெதுவா வா அண்ணா. சரிவு எனக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுத் தர்க்கே துரைமாரோடு ஓடினார். குலுங்காமல் நடந்து நடந்து அப்பா சரிவின் விளிம்புக்கு வந்தபோது, அவர்கள் நடுச்சரிவில் தடத்தைக் கண்டு, அளந்து, கையிலிருந்த சின்னக் கேமராவில் படமும் எடுத்து முடித்திருந்தார்கள். கண்டபின் என்ன செய்வார்கள்? விரல் காட்டும் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். விரல்கள் கீழே பார்த்தன. கீழே அப்பாவின் குடிசை இருந்தது.

"மேலே! மேலே போகணும்!" அப்பா பெட்டியோடு நின்றபடி கத்தினார்.

"கால் கீழ பாக்குது அண்ணா!"

"யெத்திக்குக் கால் எந்தப் பக்கம்னு உனக்குத் தெரியாதாடா?"

"எனக்குத் தெரியும். கால் திரும்பின மிருகம்னு சொன்னா துரை சிரிப்பாரு. நான் எப்படிச் சொல்றது?"

சொல்லிவிட்டுத் தர்க்கே குனிந்து ஒரு தடத்தைப் பார்த்தார், அடுத்ததையும் பார்த்தார். இடது தடத்தின் ஓரத்தில் மட்டும் பனி இழுபட்டிருந்தது. கூடவே வளர்ந்தவர், அண்ணனின் நடை தெரியாதா? எல்லோரையும் முந்திக்கொண்டு குடிசைக்கு ஓடினார்.

அப்பா போய்ச் சேர்ந்தபோது துரைமார் உள்ளே இருந்தார்கள். அடுப்பருகே பலகைகள் இல்லை. பெரிய துரை அடுப்பை ஒட்டிய மேலிடத்தில் ஆட்டுத்தோல் விரிப்பில் உட்கார்ந்திருந்தார். விரிப்பு வழக்கத்தைவிட இரண்டு விரல் உயர்ந்திருந்தது. நெளிந்து நெளிந்து உட்கார்ந்துகொண்டு உப்புத் தேநீர் குடித்தார் துரை. தர்க்கே ஒன்றும் தெரியாதவர்போல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

துரை ஏதோ கேட்டார். தர்க்கே மொழிமாற்றிச் சொன்னார்.

"தடம் உன் குடிசை வரைக்கும் வந்திருக்கு. அப்ப அது உன் வாசலுக்கே வந்திருக்கணும். நீ கண்ணால பாத்தியான்னு கேக்கறாரு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடல் தாண்டிப் போவது அப்பாதான். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. யெத்தியைப் பார்த்தவன் படுக்கையில் விழுவான், வீட்டில் செல்வம் தங்காது, வருடம் திரும்புவதற்குள் உயிரே போகலாம். உண்மையிலேயே பார்த்தவர்கள்கூட அதனால்தான் வெளியே சொல்வதில்லை. பார்க்காதவன் பார்த்தேன் என்றால் அதை வாசலுக்குக் கூப்பிட்டது மாதிரி. பலகையைச் செதுக்கும்போது அப்பாவுக்குப் பயமில்லை, அது வெறும் மரம். வாய்ச்சொல் அப்படியில்லை. அவர் துரையின் தாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தர்க்கே கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு துரையின் பக்கம் திரும்பி, நெஞ்சில் கைவைத்து, ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். துரை தேநீரைச் சிந்திக்கொண்டு எழுந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

"என்னடா சொன்னே?"

"முன்னால ஓடினேன்ல, அப்ப பாத்தேன்னு சொன்னேன். முகட்டுல நின்னுச்சு, போயிடுச்சுன்னு."

"பொய்."

"ஆமா. ரெண்டு பலகை மேல துரையை உக்காரவெச்சிருக்கேன், அதுவும் பொய்தான். நீ ஏன் வாயத் தொறக்கல?"

"உனக்குப் பயமா இல்லையா?"

"டார்ஜிலிங்குல யாரும் அதைப் பாத்துச் சாகறதில்ல அண்ணா."

துரைமார் போனதும் அப்பா இரண்டு பலகைகளையும் அடுப்பில் வைத்தார். உப்பைச் சாக்கில் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்தார்.

பத்து நாளில் தர்க்கே புறப்பட்டுவிட்டார். போகும்போது துரையின் சுமைக்காரர்கள் பக்கத்தில் நின்றதால் அம்மாவிடமும் அதே பொய்யைத்தான் சொல்லவேண்டியிருந்தது. அம்மா அலறினாள். லாமாவைக் கூப்பிட்டுத் தோஷம் கழிக்காமல் ஓர் அடி வைக்கக்கூடாது என்று அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டாள். துரைக்கு விமானம் பிடிக்க நாள் குறித்தாயிற்று. தர்க்கே நீல மேலங்கியைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, "இதுக்குக் கழிச்சுடு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஆள் இல்லாவிட்டால் அவர் உடுத்திய துணியை வைத்து அதைச் செய்வது எங்கள் வழக்கம்தான். அடுத்த வளர்பிறையில் ஊர் லாமா மூன்று நாள் மந்திர ஏடு வாசிக்க வந்தார். தூபத்துக்கு ஜூனிப்பர் தழை வெட்டி வந்தது அப்பா, விளக்குக்கு வெண்ணெய் கடைந்தது அப்பா, படையலுக்கான மாவுப் பொம்மைகளுக்குச் சாயம் அரைத்ததும் அப்பா. தோஷம் பட்டவர் அடுப்பருகே இருக்கவேண்டும் என்று லாமா சொன்னதால் நீல மேலங்கியை மேலிடத்தில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் லாமா. மறுபடியும் மூன்றாவது இடத்தில் அப்பா.

முதல் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். மூன்றாம் நாள் ஊரே வீட்டில் கூடியிருந்தபோது, அம்மா புதுக் கிண்ணத்தில் முதல் சாங்கை ஊற்றி மேலங்கியின் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு அதன் காலரைச் சரிசெய்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"மேலங்கிக்கு வந்த யோகத்தைப் பாரு," என்று கிப்பா கதவருகே இருந்து முணுமுணுத்தான். "உர்க்கென் அண்ணா, உன் செருப்பையாவது அங்க கொண்டு வெய்யி."

அப்பா எழுந்துவிட்டார்.

"அந்தக் கால் என் கால்!"

வாசிப்பு நின்றது. லாமா ஏட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எந்தக் கால்?"

"பாங்மாவுல கிடந்த கால். நான்தான் பலகை கட்டி நடந்தேன். ஒரு யெத்தியும் வரல. அவன் ஒண்ணையும் பாக்கல."

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். "உயிருக்கு ஆபத்துல இருக்கற தம்பி மேலயுமா பொறாமை? அது தடம் போட்டதுலயும் உங்களுக்குப் போட்டியா?"

"பலகை எங்கப்பா?" என்றார் லாமா.

"எரிச்சுட்டேன்."

வீடே சிரித்தது. கிப்பா முழங்காலில் தட்டித் தட்டிச் சிரித்தான். அப்பா கதவைக் காட்டினார். "உப்புப் பெட்டியில ரெண்டு பக்கம் இல்ல. போய்ப் பாருங்க. யாராவது போய்ப் பாருங்க!"

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் எதையோ கணக்குப் பார்ப்பதுபோல் நின்றாள்.

"உப்பை ஏன் சாக்குல கொண்டுவந்தீங்கன்னு கேட்டேன்," என்றாள் மெதுவாக. "பதிலே சொல்லல நீங்க."

"அதான் சொல்றேன்."

"நிஜமாவா? அவன் பாக்கவே இல்லையா?"

"பாக்கல."

"அப்ப அவனுக்கு ஒண்ணும் ஆகாது!"

அம்மா கத்தியே விட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். மேலங்கியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு அதைச் சுவரில் மாட்டிவிட்டு, அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து மேலிடத்தில் உட்காரவைத்தாள். அந்தப் புதுக் கிண்ணத்தை அவர் கையிலேயே கொடுத்தாள். "குடிங்க, குடிங்க" என்று மூன்று முறை உபசரித்தாள். இரண்டு மாதமாக அவர் ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. இடம், முதல் கிண்ணம், எதிரில் அவள் முகம். ஆனால் அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் யாருக்காக என்று அவருக்குத் தெரியும். கிப்பாவுக்கும் தெரியும், அதனால்தான் அவன்கூட அப்போது வாயைத் திறக்கவில்லை.

"எப்படிக் கட்டினீங்க? எப்படி நடந்தீங்க? மொதல்லேருந்து சொல்லுங்க." அம்மா அவர் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா கிண்ணத்தை ஒரே மடக்கில் காலி செய்தார்.

"அவன் வருவான்ல, அவன்கிட்ட கேட்டுக்கோ. அவன்தான் நல்லாச் சொல்லுவான்."

ஏழு மாதம் கழித்துத் தர்க்கே வந்தார். கடலைப் பற்றிச் சொன்னார், படிகள் தானாக ஓடும் வீட்டைப் பற்றிச் சொன்னார். "உன் காலை நாலு ஊர்ல காட்டிட்டு வந்தேன் அண்ணா. படிப்பாளிங்க பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தாங்க," என்றார். ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது. அப்பா யாக்குக்குத் தழை போட எழுந்து போனார்.

துரை எழுதிய புத்தகம் அதற்கும் பல வருடம் கழித்து வந்தது. நேபாளியும் ஆங்கிலமும் நான் படித்திருந்தேன். படத்தின் கீழே இருந்ததை வாசிக்கச் சொன்னார் அப்பா. பனிமனிதனின் தடம், கண்ணால் கண்டவர் தர்க்கே என்று போட்டிருந்தது.

"என் பேரு?"

"இல்லப்பா."

"புத்தகத்துல வேற எங்கயாவது?"

பின்பக்க அட்டவணை வரை தேடினேன். "பெட்டி தூக்கினவங்க பேரெல்லாம் போடல."

அவர் கட்டைவிரலால் அந்தத் தடத்தின் நீளத்தை அளந்து பார்த்தார். "இடது காலு நல்லா விழுந்திருக்கு," என்றார்.

கதையை அவர் யாருக்கும் சொல்லாமல் இல்லை. எனக்குச் சொன்னார், உப்பு வியாபாரிகளுக்குச் சொன்னார், லாமாவுக்குக்கூட ஒருநாள் நடந்தே காட்டினார். வருடங்கள் போகப் போக மிக நன்றாகவே சொன்னார். அம்மா இருக்கும்போது மட்டும் சொன்னதில்லை. ஒருநாள் அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். கிப்பாவின் பேரப்பிள்ளைகளுக்கு அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். விரல்கள் பின்னால் பார்க்கக் கட்டிக்கொண்டு மூடுபனியில் முதல் அடி எடுத்து வைக்கும் இடம். அம்மா குடத்தோடு வாசலில் வந்து நின்றாள். அப்பா நிறுத்திவிட்டார்.

"யாக்குக்கு உப்பு வெச்சாச்சா?" என்று கேட்டார்.

"வெச்சாச்சு."

அம்மா குடத்தை இறக்கினாள். இறக்கிவிட்டு, வெளியே அவளுக்கு ஒரு வேலையும் இல்லாதபோதும், திரும்பவும் வெளியே போனாள். கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் குளிரில், ஒரு கதை சொல்லி முடிக்கிற நேரம் நின்றுகொண்டிருந்தாள். மீதியைச் சொல்லும்படி பிள்ளைகள் அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அவர் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.